நூற்று நாற்பத்தேழு

தருமபுரியில் பஸ் மாறும்வரை
கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன்.
டைம் கீப்பர் பாதியில் வைத்துப்போன டீ,
தக்காளிக் கூடைகள்மேல் தூங்குகிறவனின் குதிகால்,
செல்போன் கடை ஷட்டரை
முட்டி முட்டிப் பார்க்கும் ஓர் ஆடு.

கம்பைநல்லூர் ரோட்டில் இறங்கி
ஒரு நீலச் சுவரை எடுத்தபோது
கதவு திறந்தது.
"ரோட்டுக்காரங்களா?"
இல்லைம்மா, சும்மா, சுவர் அழகா இருந்தது.
அழகை நம்பவில்லை மாதம்மாள்.
கேமராவை வாங்கி
விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினாள்,
அளவு ஏதும் எழுதியிருக்கிறதா என்று.
"மீட்டர் பொட்டி விழுந்திருக்கே.
அழிச்சிடு."
அழித்தேன்.

"எடுக்கறதுன்னா அதை எடு."

எதிரே புளியமரம்.
பட்டை சீவிய இடத்தில் வெள்ளை வட்டம்,
உள்ளே சிவப்பில் 147.
அதன்மேல் சாய்ந்து
அவள் பையன் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.
நகரச் சொல்லவில்லை.
நாலு, ஏழு தெரிந்தது.
ஒன்று அவன் தோளுக்குப் பின்னால்.

திரும்பும் பஸ்ஸில்
ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறேன்.
டீ, குதிகால், ஆடு, மரம்.
எல்லாவற்றின் கீழும்
நான் கேட்காமலே
கேமரா வரிசையாக நம்பர் போட்டிருக்கிறது.

நடுவில் ஒன்று மட்டும்
விட்டுப்போயிருக்கிறது.
அந்த வீடு.