கார்த்திகையில் வந்தவர்

வைகாசியில் வந்து பாருங்கோ என்றுதான் சொன்னேன்.
வைகாசியில் சுண்ணாம்பு காய்ந்திருக்கும்,
வளவு கூட்டிக் கிடக்கும்,
வாவி எங்கேயோ தூரத்தில்
யாருடையதோ போல மினுங்கும்.

கிருபைராசா கார்த்திகை இருபத்தாறில் வந்தார்,
காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டி
செருப்பைக் கையில் பிடித்தபடி.
விபரம் தெரிந்த மனிதன்.

அறை எத்தனை என்று கேட்கவில்லை.
இரண்டு பூச்சு அடித்தும் எழும்பி வந்த
பழுப்புக் கோட்டைச் சாணால் அளந்தார்:
மூன்று சாண், நாலு விரல்.
"இது எந்த வருசத் தண்ணி?"
"பழசு" என்றேன்.
பழசுதான்,
போன மார்கழிக்கு முந்தின மார்கழி.

எனக்கும் தங்கச்சி நாகபூசணிக்கும்
ஒரே நாளில், ஒரே நொத்தாரிசு எழுதிய சீதன உறுதி.
ஆளுக்குப் பதினெட்டுப் பேர்ச்,
ஒரு கிணறு, ஏழு தென்னை.
நூல் பிடித்துப் பிரித்த அப்பா
சரிவை மட்டும் அளக்கவில்லை.
அவளுக்கு றோட்டுக்கு மேலே.
எனக்கு மதகுக்குக் கீழே.

திமிலைதீவில் இன்றைக்கு அவளுடைய ஒரு பேர்ச்
என்னுடைய மூன்றுக்குச் சமன்.
மாரிக்கு மாரி
ரெண்டு பாயோடும் உறுதிப் பெட்டியோடும்
அவள் விறாந்தையில்தான் படுக்கிறேன்.
ஒருநாளும் முகம் சுழித்ததில்லை அவள்.
காணி விலையை மட்டும்
நாங்கள் கதைப்பதில்லை.

வங்கிப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்:
வெள்ளம் வருமா, ஆம், இல்லை.
மதிப்பிட வந்த பொடியன்
பேனையைத் திறந்து மூடித் திறந்து
என்னைப் பார்க்காமல் ஒரு கோடு கீறினான்.
கேட்ட கடனில் பாதி அந்தக் கட்டத்துக்குள் போயிற்று.

மறுகா காப்பை விற்றேன், நாலு சோடி.
தளத்தை ஒரு அடி உயர்த்தினேன்.
அடுத்த மழை
ஒன்றரை அடி உயர்ந்து வந்தது.
"நீங்க நிக்கிறது என்ர காப்பில" என்று
கிருபைராசாவிடம் சொல்ல நினைத்தேன்.
கணுக்கால் தண்ணீரில்
அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுமாரிக் கதவு ஊதி மூடாமல் கிடந்ததை,
பதினொரு மூடை நெல்லு
வீட்டுக்குள்ளேயே முளைத்ததை,
நிவாரணத்துக்கு மூன்று இடத்தில் ஒப்பமிட்டதை,
அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.
ஒரு விலை சொன்னார்.
மகளுக்குக் கொடுக்கவென்று வைத்திருந்த வீட்டுக்கு
ஒரு நல்ல ஓட்டோவின் விலை.

வாய் திறக்குமுன்னே அவரே சொன்னார்,
மெல்ல, சன்னல் நிலையைத் தடவியபடி:
"கிரானுக்கு அங்கால எங்கட வீடு.
போன முறை ஓட்டில ஏறி இருந்தம், ரெண்டு இரவு.
இது மேடு, அக்கா."

மேடு.
இருபத்திரண்டு வருசத்தில்
என் வளவுக்கு யாரும் சொல்லாத சொல்.

மதகடியில் யாரோ கத்திக்கொண்டு போனார்கள்,
முகத்துவாரம் வெட்டியாச்சாம், தண்ணி இறங்குதாம் என்று.
நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்தோம்.

"ஐம்பதாயிரம் கூட்டித் தாங்கோ" என்றேன்.
வெட்கமாகத்தான் இருந்தது.
குறைக்கவில்லை.