எட்டு மணி முதல் எட்டே கால் வரை

தீப்பெட்டி அளவுதான் இருந்தது கருவி.
அமாரோவின் சட்டையில் மார்புக்கு நேரே
ஒரு பை தைத்து அதற்குள் போட்டாள் யாஸ்னா.
"என்ன பேசுகிறீர்கள் என்று பார்க்காது,
எத்தனை சொல் என்று மட்டும் எண்ணும்."
சிப்பி மூட்டை எண்ணும் கணக்கன் மாதிரி
என்று நினைத்துக்கொண்டேன்.
சொல்லவில்லை.
ஆகவே அது கணக்கில் வரவில்லை.

மகனுக்கு இரண்டு வயதும் நாலு மாதமும்.
ஒரு 'மா' இல்லை, ஒரு 'பா' இல்லை.
காதில் குறையில்லை என்று
காஸ்த்ரோ ஆஸ்பத்திரியில் தாள் கொடுத்தார்கள்.
"எவரிஸ்தோ பெற்ற பிள்ளை வேறெப்படி இருக்கும்?"
இது என் மச்சான்.
"ஐந்து வயதில் தானாக வாய் திறப்பான், பொறு."
இது தீவு முழுக்க.
பொறுக்கச் சொல்லாதவள் யாஸ்னா ஒருத்திதான்.
ஒன்றுவிட்டு ஒரு வியாழன்
மழையோடு மழையாகப் படகில் வந்து இறங்குவாள்.
மற்ற வியாழன்களில் நோயெலியாவின் போனுக்குள் வருவாள்;
சிக்னல் அறுந்தால்
பாதி திறந்த வாயோடு உறைந்து நிற்பாள்.
அமாரோ அந்த வாயைத் தொட்டுப் பார்ப்பான்.

முதல் வாரத்து வரைபடம்
பச்சைப் பச்சையாகக் கம்பங்கள்.
நோயெலியா வீட்டில் இருக்கும்வரை நெட்டையாக.
அவள் மீன் ஆலைப் படகில் ஏறியபின்
அவனும் நானுமாய் இருந்த மாலைகளில்
நீர் வற்றிய கரைபோலத் தட்டையாக.
மூன்று மணி நேரத்தில் நூற்றுப் பதினொரு சொல்.
அதில் பாதி நாயிடம்.

"செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், போதும்."
"செய்கிறேனே, அவன் பார்க்கிறானே, சொல்வானேன்?"
அவள் பதில் சொல்லாமல்
அந்தத் தட்டைக் கம்பத்தின் மேல் விரலை வைத்தாள்.

மறுநாள் கொட்டகையில் தொடங்கினேன்.
கயிறு, என்றேன்.
ஈரக் கயிறு.
இது சிப்பி. இது சிப்பியின் தாடி.
அப்பாவின் தாடி இதைவிட மோசம்.
கத்தி வழுக்குகிறது, அப்பா கெட்ட வார்த்தை சொல்லப் போகிறேன்,
சொல்லவில்லை, விழுங்கிவிட்டேன்.
காலையிலேயே குடித்திருக்கிறாயா என்று
பக்கத்துப் படகிலிருந்து ரெமிஹியோ கேட்டான்.
இல்லை ரெமிஹியோ, என்றேன் அவனிடமும்,
மேற்கே மேகம், இன்று மீண்டும் மழை, உன் நங்கூரம் துரு.
அறுநூறு. தொள்ளாயிரம். இரண்டாயிரம்.
அமாரோ "ஊ" என்றால் நானும் "ஊ" என்று காத்திருக்க வேண்டும்;
அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குத் தனி நிறம், மஞ்சள்.
முதலில் ஒன்றிரண்டு. பிறகு மழைக்குப் பின் காளான்.

அன்று காலை கடல் உள்வாங்கியிருந்தது.
படகுகள் எல்லாம் ஒருக்களித்துப் படுத்திருந்தன.
சேற்றோரத் தண்ணீரில் கழுத்துக் கறுத்த அன்னம் ஒன்று
முதுகில் இரண்டு குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு போயிற்று.
அமாரோவின் கை உயர்ந்தது.
நான்கு விரல்கள் மடங்கி ஒன்று மட்டும் நீண்டது.
பிறகு அவன் திரும்பி
என் கண்ணைப் பார்த்தான்.
அன்னத்தை.
என்னை.
நான் பார்க்கிறேனா என்று.
அந்த மாதம் சேர்த்த அத்தனை சொல்லும்
தொண்டையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அடைத்தன.

வியாழன். யாஸ்னா திரையில் குனிந்தாள்.
"இங்கே கருவி நின்றுவிட்டதா?
எட்டு மணி முதல் எட்டே கால் வரை ஒன்றுமே இல்லை."
நான் ஆள்காட்டி விரலை நீட்டினேன்,
கடலுக்கு. பிறகு அவளைப் பார்த்தேன்.
புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.
மூக்கைத் துடைத்துக்கொண்டு,
"அடுத்த முறை அன்னம் என்று சொல்லிவிடுங்கள்,
அவன் கேட்டது அதைத்தான்" என்றாள்.

தினமும் சொல்கிறேன் இப்போது.
அன்னம், என்கிறேன்,
அன்னம் வராத காலையிலும்.
அவன் வெறும் சேற்றை நன்றாகப் பார்த்துவிட்டு
இல்லை என்று தலையாட்டுகிறான்.