கண்டறியும் எல்லைக்குக் கீழே

முதல் குப்பியின் மேல் இன்னும் என் இளவயதுக் கையெழுத்து:
மாரண்டஅள்ளி, மேற்குத் தெரு, கைப்பம்பு,
நூற்றெண்பது அடி, ஏப்ரல் தொண்ணூற்றிரண்டு.
இரண்டு சொட்டு அமிலம் விட்டு மூடியது.
தண்ணீர் அன்றுபோலவே தெளிவாக இருக்கிறது,
அதனால் ஒன்றும் தெரிவதில்லை.

வங்காளத்தில் படித்தபோது
படகுக்காரர் ஒருவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.
பாகற்காய்த் தோல்.
அந்தக் கையோடுதான் ஊர் திரும்பினேன்,
அதே விஷத்தை இங்கே தேட.
தருமபுரி நாட்டு மருந்துக் கடையில் அதற்குப் பழைய பெயர்கள் கிடைத்தன:
தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம்.
எனக்குத் தெரிந்த பெயர்
லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம்.

துத்தநாகத் துருவல், அமிலம்,
குழாய் வாயில் பாதரச உப்பு தடவிய வட்டக் காகிதம்.
இருந்தால் மஞ்சளாகும், மிகுந்தால் பழுப்பு.
பென்னாகரம்: வெள்ளை.
காரிமங்கலம்: வெள்ளை.
மொரப்பூர், கம்பைநல்லூர்,
பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்குப் பின்னால்
அழுகலை மிதித்துக்கொண்டு எடுத்ததும்
வெள்ளைதான்.
பிறகு கருவி வந்தது.
'கண்டறியும் எல்லைக்குக் கீழே' என்று அச்சடித்துத் தந்தது.
இல்லை என்று சொல்ல அதற்கு வாய் வராது.

ஒரு மே மாதம், நல்லம்பள்ளி தாண்டி,
மாதம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.
'நல்ல தண்ணியாங்க மேடம்?'
'ஆர்சனிக் இல்லைம்மா.'
சிரித்தாள்.
பல்லெல்லாம் துருவேறிய வரி.
அவள் மகன் திம்மராயன், பத்தொன்பது வயசு,
முட்டிகள் உள்ளே வளைந்து ஒன்றையொன்று இடிக்க,
சுவரைப் பிடித்தபடி வந்து
எனக்கு நாற்காலி போட்டான்.
என் படிவத்தில் புளோரைடுக்குக் கட்டம் கிடையாது.
நிதி தந்தவர்கள் கேட்டது ஒரே தனிமம்.
சொம்பைக் காலி செய்தேன், மரியாதைக்கு.
ராத்திரி படிவத்தின் ஓரத்தில் பென்சிலால்
ஒரு வார்த்தை எழுதினேன்: பல்.

அதற்கப்புறம் கிணற்றுக்கு இரண்டு குப்பி.
இரண்டாவதற்கு யாரும் காசு தரவில்லை.
ஓசூர்க் கம்பெனியிலிருந்து வாஜித்
ஒரு மின்முனையைக் கடன் வாங்கி வந்தான்.
இன்றுவரை திருப்பித் தரவில்லை.

அரூருக்கு வடக்கே ஓர் ஊர். உடைத்த பாறையில்
பித்தளை மினுக்கு தெரியும்.
அங்கே போர்வெல்லில் முப்பத்தெட்டு.
மறுபடி ஓட்டினேன், முப்பத்தேழு.
மறுபடி, முப்பத்தெட்டு.
அப்போது எல்லை ஐம்பது.
'குடிக்கலாம்' என்று கையெழுத்திட்டேன்.

ஒன்பது வருஷம் கழித்து எல்லை பத்தானது.
தண்ணீர் அசையவில்லை,
தபாலில் வந்த தாள் ஒன்றில்
கிணறு தோற்றுப்போயிருந்தது.
முனிரத்தினம் ஜீப்பை விரட்டினார்,
வழியில் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
பஞ்சாயத்தில் கெஞ்சிப் பம்புக்குச் சிவப்பு அடிக்க வைத்தேன்.
அடுத்த தேர்தலில் பக்கத்தில் இன்னொரு நிறம் சேர்ந்து
அது கொடியாகிவிட்டது.
மக்கள் குடித்துக்கொண்டேயிருந்தார்கள், அது வற்றும்வரை.

அந்த ஒன்பது வருஷத்தை
எந்தக் கருவியில் விட்டுப் பார்ப்பது?

ஓய்வு விழாவில் முதல்வர் என்னை
ஆர்சனிக் ஆய்வின் முன்னோடி என்றார்.
நாலாயிரத்து அறுநூறு சொச்சம் முடிவுகள்,
ஒன்றைத் தவிர எல்லாம் எல்லைக்குக் கீழே.
சால்வை குத்தியது.
வீட்டுக்கு வந்ததும் மாதம்மாள் ஊர்ப் பக்கத்தைப் புரட்டினேன்,
பென்சில் எழுத்து மங்கியிருந்தது,
மேலேயே இன்னொரு தடவை எழுதினேன்.

போன ஐப்பசியில் நல்ல மழை.
அந்த போர்வெல்லில் தண்ணீர் ஏறிவிட்டதாக
முனிரத்தினம் போன் செய்தார்.
குப்பிகளோடு போனேன்.
கொடி நிறம் உரிந்த பம்பின் முன்னால்
ஏழெட்டுக் குடம் வரிசையில் இருந்தது.
காரணம் சொல்ல நாக்கு எழவில்லை.
கையைக் காட்டுங்கள் என்றேன்.

ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
குறி சொல்பவள் என்று நினைத்திருக்க வேண்டும்.
ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு
இடது கையை நீட்டினாள்.