ரோதைமுனிக்கு ஒரு பின்னிணைப்பு

கைவிடப்பட்ட ஸ்டோரின் மேல்மாடியில்
கொழுந்து வாட்டிய தட்டுகளைக் கழற்றிய இடத்தில்
என் சுழலி நிற்கிறது.
நான்கு அலகு, குறுக்களவு இரண்டு மீற்றர் பத்து.
பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்றார்கள்.
தோட்ட நிர்வாகம் வாடகை கேட்டது, மின்கட்டணம் தனி.

கீழே, உருளை இயந்திரம் இருந்த மூலையில்
ஒரு கல், எலுமிச்சம்பழம், காய்ந்த சந்தனம்:
ரோதைமுனி.
விமலசூரிய ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும்
அதன்மேல் ஒரு சொட்டு மசகெண்ணெய் விடுவார்.
அவர் பௌத்தர். கேட்டால்
"எதுக்கும் இருக்கட்டும் மிஸ்" என்பார்.
ஆய்வு முறையியலில் அதை நான் எழுதவில்லை.

இருபத்தாறு வருடமாக ஒரே கேள்வி.
உலங்குவானூர்தி வானத்தில் உடைவது எல்லோருக்கும் தெரியும்.
தரையில் நின்றபடியே உடைவதுதான் என் பாடம்.
ஓர் அலகு சற்றுப் பிந்தும், அடுத்தது முந்தும்,
சுழலியின் பாரம் நடுவைவிட்டு நழுவும்.
கால்கள் மண்ணில் ஆடும் ஆட்டமும்
தலையில் அலகுகள் ஆடும் ஆட்டமும்
ஒரே லயத்துக்கு வந்துவிட்டால்
நாலு விநாடி.
பிறகு பொறுக்கி எடுக்கவேண்டியதுதான்.

லயம்.
தமிழில் எழுத உட்கார்ந்தால் இந்தச் சொல் தடுக்குகிறது.
பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில்
நாங்கள் ஏழுபேர் பிறந்த வரிசைக்கும் அதுதான் பெயர்.
ஒத்ததிர்வு என்று மாற்றிக்கொண்டேன்.
பாடக்குறிப்பில் அது சுத்தமாக இருக்கிறது.

ஈரமண்ணின் விறைப்பு பற்றிய கட்டுரை
மூன்று சஞ்சிகைகளிலிருந்து திரும்பியது.
இரண்டாம் மதிப்பீட்டாளர் எழுதினார்:
சேற்றில் இறங்குவதன் நடைமுறைத் தேவை புலப்படவில்லை.
அவர் ஊரெல்லாம் கொங்கிரீட்.

கார்த்திகையில் மலை இறங்கியது.
பாதை அறுந்து நாலாம் நாள்
கீழ்ப்பிரிவு விளையாட்டுத் திடலுக்கு
அரிசியோடு வந்தது.
கோல்கம்பங்களைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.
சக்கரம் மண்ணைத் தொட்டது, அமிழ்ந்தது,
ஒருமுறை அசைந்தது. அது காற்று.
இரண்டாம் அசைவு அதைவிடப் பெரிது.
மூன்றாவதை என் வாய் தானாக எண்ணியது.
கதவருகே மூட்டையைத் தூக்கிய கையோடு
ஒரு சிப்பாய் சரிந்தான்.
உடனே எழும்பிவிட்டது,
அரிசியோடு, சிப்பாயோடு, கதவு திறந்தபடி.

சரி. சரியாகச் செய்தான்.
மண்ணை விட்டுவிட்டால் ஆட்டம் செத்துவிடும்.
ஏழாம் பக்கம், சமன்பாடு முப்பத்தொன்று.
அவன் அதைப் படித்திருக்கமாட்டான்.
யாரும் படிக்கவில்லை.
திடலில் கூச்சல். மண்ணள்ளி வானத்துக்கு எறிந்தார்கள்.
சந்தோசமாக இருந்த ஒரே ஆள் நான்,
அதை முகத்தில் காட்டாமல் நிற்கவேண்டியிருந்தது.

அன்னபாக்கியம் என் கையைப் பிடித்து உலுக்கினாள்.
"நீங்க அதத்தான படிச்சிருக்கீங்க, ஏன் போறான்?"
"இந்த மண்ணுல நின்னா ஒடஞ்சிபோயிரும்."
சரிந்த பக்கத்தைப் பார்த்தாள்.
"நாங்க நிக்கிறோமே" என்றாள்.
கோபமாகக்கூட இல்லை,
கடைக்காரனிடம் பாக்கி விசாரிப்பதுபோல.

அது திரும்பி வந்தது மறுநாள் பதினொரு மணிக்கு,
ஸ்டோர் முற்றத்துச் சிமெந்தில்.
இடைப்பட்ட இரவில் என்ன சமைத்தார்கள்
என்று எனக்குத் தெரியாது.
நான் ஒரு பையன் கைப்பேசியில் எடுத்த படத்தை
சட்டகம் சட்டகமாக ஓட்டி
அசைவை அளந்துகொண்டிருந்தேன்.
விநாடிக்கு இரண்டு தசம் மூன்று.
கோட்பாடு சொன்னது இரண்டு தசம் ஐந்து.

பின்னிணைப்பு, கடைசி அட்டவணை, ஒற்றை வரி.
மண்: கீழ்ப்பிரிவுத் திடல். ஈரம்: நிரம்பல்.
குறிப்பு: அரிசி இருபது மூட்டை, இறங்கவில்லை.
ஆய்வு மாணவி பர்ஹானா சிவப்பில் வட்டமிட்டிருக்கிறாள்:
மேடம், இந்த நிரலுக்கு அலகு போடவில்லை.

அன்னபாக்கியத்தைக் கேட்டுப் போடு
என்று பக்கத்தில் எழுதினேன்.
கீழே எண்ணெய் விட்டு முடித்து
விமலசூரிய அண்ணாந்து பார்த்தார்.
"போடலாம்" என்றேன்.