ஐம்பத்தெட்டில் ஒரு கிர்ர்

பிரிந்து மூன்று வருடம் கழித்து எலியேசர் கூப்பிட்டது
மன்னிப்புக் கேட்க அல்ல.
"உன் காது வேணும், நூரிஸ். ஒரு மணி நேரம் போதும்.
நாலு மணிக்குப் பெட்டியைப் பார்க்க ஆள் வருது."

மருந்துக்கடை வெள்ளைக் கோட்டோடு போனேன்.
பாரன்கீயாவில் வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்த நேரம்.
ரெபோலோவில் அதே முற்றம், அதே நாய்,
என்னைவிட இரண்டு சாண் உயரமான அதே பெட்டி.
முகப்பில் பச்சையும் ரோஜாவுமாக ஒரு பெண்புலி.
இடது கண்ணை மட்டும் புதிதாக யாரோ
கொஞ்சம் மாறுகண்ணாகத் திருத்தியிருந்தார்கள்.

இருபது வருடம் இதன் முன்னால் நின்றவன்.
இடி கேட்கும். கொசு கேட்காது.
"அடிச்சத்தம் நெஞ்சிலேயே வந்து விழுது," என்றான்,
"அதோட தொத்திக்கிட்டு ஒரு கிர்ர் வருதாம், எனக்குத் தெரியல.
வாங்குறவன் சின்னப் பையன். அவனுக்குத் தெரியும்."

ஒரு பாட்டு போட்டான். நிறுத்தச் சொன்னேன்.
பாட்டு எல்லாக் குற்றத்தையும் மூடி மறைக்கும்.
ஒற்றைச் சுருதி வை. முப்பதில் தொடங்கு. மெல்ல ஏற்று.

முப்பதில் வெறும் காற்று.
நாற்பத்தொன்பதில் தகரக்கூரை படபடத்தது,
அது கூரையின் வழக்கு, நமக்கு வேண்டாம்.
ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து,
ஐம்பத்தெட்டு.
அங்கேயே நில்.

கிர்ர்.
தீப்பெட்டிக்குள் மாட்டிய வண்டு.

முன்வலையைக் கழற்றினோம். கிர்ர்.
கைப்பிடிகளில் துணி திணித்தோம். கிர்ர்.
அடிச்சக்கரம் நான்கையும் உருவிக் கிடத்தினோம்,
நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது.
அவன் திருகாணி திருகாணியாக முறுக்கிக்கொண்டே வந்தான்,
முன்பு என்னோடு பேசாத இரவுகளில்
எதையாவது முறுக்குவானே, அதே முகத்தோடு.

தோட்டத்துக் குழாயில் ஒரு முழம் வெட்டி
ஒரு முனையைக் காதில் செருகி
மறுமுனையால் விளிம்பெல்லாம் மோந்து பார்த்தேன்.
கூம்பின் நடுக்குமிழை விரலால் தொட்டதும் அடங்கியது.
ஆகா என்பதற்குள் மறுபடி கத்தியது.
பொய்ச்சாட்சி.

ஒலிபெருக்கியையே வெளியே தூக்கினோம்.
உள்ளே இருட்டு, பழைய பிசின் வாசம்,
ஒரு டோமினோக் கட்டை, இருநூறு பெசோ,
கூம்பைத் தட்டிக்கொண்டிருந்த தொளதொள ஒயர்.
ஒயரைக் கட்டினோம். மாட்டினோம். போட்டோம்.
கடகட போயிற்று. அது ஒன்று இருந்ததே
போன பிறகுதான் தெரிந்தது.
கிர்ர் மட்டும் இன்னும் தெளிவாக, தனியாக.

மணி மூன்றே முக்கால்.
காற்றுத் துளைக்குள் தோள்வரை கையை விட்டேன்.
குழலைப் பிடித்திருக்கும் மூன்றாவது போல்ட்.
விரல் பட்டது. நின்றது.
எடுத்தேன். மறுபடி வந்தது.
வைத்தேன்.

வாஷர் இருக்க வேண்டிய இடத்தில்
தட்டையாக்கிய பீர் மூடி.
பார்க்காமலே தெரியும்.
கார்னிவல் சனிக்கிழமை, இரவு இரண்டு மணி,
வாஷர் சாக்கடைக்குள் உருண்டோட
தெருவே கத்திக்கொண்டிருந்தது,
செருப்புக் குதிகாலால் இதை அடித்து நசுக்கியவள் நான்.
டார்ச் பிடித்தவன் அவன்.
"காலைல ஒழுங்கா மாத்திடலாம்" என்று சொன்னது யார்
என்பது மட்டும் நினைவில்லை.

"வாஷர் தளர்ந்திருக்கு. ரப்பர்ல ஒண்ணு குடு" என்றேன்.
குடுத்தான். எதையும் கேட்கவில்லை.
காதில் விழவில்லையா, கேட்க விரும்பவில்லையா,
அவன் விஷயத்தில் அது எப்போதுமே
பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று.
மூடி என் கோட்டுப் பைக்குள் போனது.

வால்பெர்த்தோ வந்தபோது நாலே முக்கால்.
கூட ஒரு மச்சான், வாசலில் ஒரு லாரி.
எலியேசர் பாட்டு எதுவும் போடவில்லை.
ஐம்பத்தெட்டை வைத்துவிட்டு
கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பையன் தலையைச் சாய்த்தான். புலியின் கண்ணைப் பார்த்தான்.
பெட்டிக்குப் பின்னால் போய்ப் பிளக்கைப் பார்த்துவிட்டு வந்தான்.
"ஓடுதா?" என்று கேட்டான்,

சட்டையின் கீழ்முனை
தன்னால் நடுங்கிக்கொண்டிருக்க.