ஐந்து, ஐந்து, ஏ

மிந்தேலோ துறைமுகத்துப் பனிக்கட்டி ஆலையில்
அமுக்கி இயந்திரம் மூச்சு வாங்கும் நேரங்களில்
நான் ரேடியோவைத் திறப்பேன்.
காலை பதினொன்று. இருபத்தொரு மெகாஹெர்ட்ஸ்.
வடக்கே ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்
ஸ்டெயின்வோர் இருமுவது கேட்கும்.

அவள் குரல் நேரே வருவதில்லை.
முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில்
வெயில் உரித்துப்போட்ட அணுக்களின் மந்தை ஒன்று;
அதில் முட்டி, கடலில் விழுந்து, எழுந்து, மறுபடி முட்டி
என் தகரக் கூரைக்கு வருகிறது
ஒரு சொட்டுகூட நனையாமல்.

ஹால்பியோர்னும் அதே ஐஸ்லாந்துதான்.
இருவருக்கும் நடுவே முந்நூற்றிருபது கிலோமீட்டர்.
அவள் பேசுவது அவனுக்குக் கேட்காது,
அவன் பேசுவது அவளுக்கு.
தரையோடு போகும் அலை மலைக்குள் செத்துவிடும்.
வானேறிப் போவதோ
நிறுத்தத்தில் நிற்காத பேருந்து போல
அவன் தலையைத் தாண்டி என்னிடம் வந்துவிடும்.
ஊமை வளையம் என்று நான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.
அதற்குள் இருப்பவருக்கு
உலகம் கேட்கும், அடுத்த ஊர் கேட்காது.

ஆகவே ஆறு மாதம் நான் தபால்காரன்.
'அவர் உனக்கு ஐந்து ஒன்பது தருகிறார்.'
'அங்கே பனியாம். மைனஸ் நான்கு.'
'இறால் ஆலை திறந்துவிட்டார்களா என்கிறார்.'
மூவருக்கும் ஓட்டை ஆங்கிலம்.
ஒருமுறை அவன் கேட்கச் சொன்னான்:
படகுக்குச் சாயம் அடித்தாயா?
அவள் நெடுநேரம் பேசவில்லை.
அலை மங்குகிறது என்று நினைத்தேன்.
அடிக்கடி நடப்பதுதான். அயனி மண்டலம் கட்டிவைத்த கூரையா என்ன,
காற்றில் உப்பித் தளரும் பாய்.
பிறகு வந்தது:
'அடித்தேன் என்று சொல். நீலம்தான்.'
சொன்னேன்.

மார்ச் மாதம், ஒரு ஞாயிறு நண்பகல்
சூரியனில் ஏதோ வெடித்தது.
கயிறு அறுந்தாற்போல எல்லா நிலையங்களும் ஒரே நொடியில் போயின.
ஆன்டெனா கம்பியை மூன்று முறை கழற்றி மாட்டினேன்.
ஃபியூஸைப் பார்த்தேன். பெட்டியைத் தட்டினேன்.
பெட்டியில் கோளாறில்லை;
மேலே, அடித்தட்டு வீங்கி
எல்லார் சொற்களையும் வழியிலேயே தின்றுகொண்டிருந்தது.
ஒரு மணி நேரம் கழித்து ஏப்பம் விட்டது. இரைச்சல் திரும்பியது.
அது முன்னோட்டம்.
செவ்வாய் இரவு புயலே வந்தது.
பிரேசில் கேட்டது, அங்கோலா கேட்டது,
நான்கு நாள் வடக்கு என்ற திசையே இல்லை.
சூரை மீன் கப்பல்களுக்கு ஐஸ் உடைத்தேன்.

சனிக்கிழமை அவள் வந்தாள், மெலிந்த குரலில்.
'அடெலீனோ, இனி உனக்குச் சிரமமில்லை.'

புதன் இரவு வானம் பச்சையாய் எரிந்ததாம்.
தெற்கு பார்த்த ஆன்டெனாவை வடக்கே திருப்பி
ஐம்பது மெகாஹெர்ட்ஸில் மோர்ஸ் சாவியைத் தட்டினாளாம்.
அங்கே அவனும் திருப்பியிருக்கிறான்,
சொல்லிவைக்காமலே.
துருவ ஒளியில் மோதியது இருவருக்கும் திரும்பியிருக்கிறது.

தொனி வராது அதில்.
விசிலாய் ஒலிக்க வேண்டிய மோர்ஸ்
காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் பட்டது மாதிரி
நெடுஞ்சீறல், குறுஞ்சீறல்.
குறிப்பேட்டில் தொனிக்கு எண் போடுவதில்லை,
ஏ என்று ஓர் எழுத்து.
ஐந்து, ஐந்து, ஏ.
வழக்கப்படி அவன் தன் பெயரை அனுப்பினான். ஊரை அனுப்பினான்.
'என் சொந்த அண்ணன் பெயரை,' என்றாள்,
'எனக்கே, எழுத்து எழுத்தாக.'

அண்ணனா!

உங்கள் ஊரில் தொலைபேசி இல்லையா, என்றேன்.
'இருக்கிறது. அதில் குரலும் இருக்கிறதே.'

அலை சரிந்தது. திரும்ப வரும் என்று
குமிழைத் தொட்டபடி உட்கார்ந்திருந்தேன்.
இயந்திரம் மறுபடி உறுமத் தொடங்கியது;
வெளியே மூன்றாம் கப்பல்காரன் கூடையால் கதவைத் தட்டினான்.

படகு யாருடையது என்று
நான் கேட்கவில்லை.