பூஜ்யம் லிட்டர்

வியாழன் பத்தரைக்கு வருவார் டெர்ஹார்ட்.
எங்கள் மூன்று மாடிக் கரைப்பான் கழிவும்
அவர் தள்ளுவண்டியில்தான்
ம்யூல்ஹைமை விட்டுப் போகும்.
நீலப் பீப்பாயின் கழுத்தைப் பிடித்து
ஒரு ஆட்டு ஆட்டினால்
எத்தனை லிட்டர் என்று சொல்லிவிடுவார்.

இன்று ஆட்டினார்.
மறுபடி ஆட்டினார்.
"இந்த வாரம் வேலையே செய்யவில்லையா?"

செய்தோம், டெர்ஹார்ட்.
எஃகுச் சிமிழுக்குள் இரண்டு உருண்டைகள்
விநாடிக்கு முப்பது முறை
தொண்ணூறு நிமிடம்
முட்டி முட்டி முட்டி.
அடுத்த அறை ஹென்ரிகே
காதில் பஞ்சோடு வந்து நின்று
என்னை முறைத்ததையும் வேலையில் சேருங்கள்.

போட்டது இரண்டு வெள்ளைப் பொடி.
ஒன்று தொட்டால் நஞ்சு.
மற்றதுக்கு வனிலா வாசம்,
தாழ்வாரமே ஐஸ்கிரீம் கடையாகிவிட்டது.

பதினோரு வருடம் நான் படித்தது ஒரே பாடம்.
எதையும் முதலில் கரை.
பிறகு கலக்கு, காய்ச்சு,
பிறகு கரைத்ததையெல்லாம் ஆவியாக்கித் துரத்து.
ஒரு கிராம் பொருளுக்கு ஒரு வாளி திரவம்:
ஒருவன் சாப்பிட
ஊருக்கே இலை போட்டு எடுத்த பந்தி.

குடியேற்ற அலுவலகத்திலும்
இதையேதான் வேறு சொற்களில் சொன்னார்கள்.
தலையாட்டிவிட்டு
ரூர் ஆற்றோரமாக நடந்து வந்தேன்.
கரை என்று ஏவினால் எங்கள் மொழியில் உருகிக் காணாமல் போ.
கரை என்று சும்மா சொன்னால்
எத்தனை தண்ணீர் உரசினாலும்
போகாமல் நிற்பது.

முதல் மூன்று முறை தோல்வி.
சிமிழ் சூடேறி, பொடி குழைந்து
உருண்டையோடு கல்லாய் ஒட்டிக்கொண்டது.
ஒருநாள் முழுக்கச் சுரண்டினேன்.

நேற்று மூடி இறுகிவிட்டது.
ஹென்ரிகே பிடிக்க, நான் திருக,
அவள் ஏதோ திட்ட, நானும் என் பங்குக்குத் திட்ட
திறந்தது.
மஞ்சள்.
சாலை போடுகிறவர்களின் சட்டை இருக்குமே,
அப்படிக் கண்ணைக் குத்தும் மஞ்சள்.
முகர்ந்து பார்க்கக் கூடாதென்பது விதி.
முகர்ந்தேன்.
வனிலா இல்லை.
வாசம் செத்ததுதான் வினை முடிந்ததற்குச் சாட்சி;
நிறமாலை பிறகு வந்து ஆமாம் போட்டது.

சிமிழின் உள்சுவரில்
மூச்சுப் பட்டதுபோல் ஈரம்.
நாங்கள் ஊற்றியதில்லை.
இரண்டு பொடியும் கைகோத்தபோது
ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து
தாமே பெற்ற தண்ணீர்.

இதையெல்லாம் டெர்ஹார்ட்டிடம்
என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன்.
கேட்டுக்கொண்டே படிவத்தில் எழுதினார்:
0 லிட்டர்.

"பொறுங்கள்.
சிமிழைக் கழுவ அசிட்டோன் பிடித்தது.
ஒரு கரண்டி."

அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார்.
கரண்டிக்கு அதில் கட்டமில்லை.

காலிப் பீப்பாயை வண்டியில் ஏற்றினார்.
அடுத்த வியாழனும் வருவேன் என்றார்,
நான் ஒன்றும் கேட்காதபோதே.